கை படாத டிப்

மழை இறங்கப்போகிறதென்றால் என் வலது கட்டைவிரலின் அடிமூட்டுதான் முதலில் சொல்லும். கலஹாவில் மழைக்குப் பஞ்சமில்லை, அதனால் அந்த மூட்டுக்கு ஓய்வும் இல்லை. போன வருடம் காட்டப் போனபோது இளம் டாக்டர் விரலை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன ஐயா, கவ்வாத்து வெட்டினீங்களா?" என்றார். சீட்டில் கலஹா என்ற விலாசத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் தேயிலைதான் ஞாபகம் வரும்.

"இல்ல டாக்டர், டிப் தட்டினேன்."

அவர் சிரித்தார். விளக்கம் கேட்கவில்லை. ஆய்வுகூடத்துக்குள் கொஞ்சக் காலமாவது நின்றவராக இருக்க வேண்டும்.

உங்களுக்கு விளக்கம் வேண்டியிருக்கும். மைக்ரோபிப்பெட் என்பது தடித்த பேனா மாதிரி ஒரு கருவி. தலையில் ஒரு அமுக்கி, உள்ளே ஒரு முசலம், அதைத் திருப்பித் தள்ள ஒரு சுருள்வில். அடி முனையில் பிளாஸ்டிக் மூக்கு ஒன்றைச் செருக வேண்டும். அதற்குப் பெயர் டிப். நோயாளியின் குருதியோ சீரமோ இந்த டிப்புக்குள் மட்டும்தான் ஏறும், கருவிக்குள் போகாது. அடுத்த நோயாளிக்கு அடுத்த டிப். பழையதைக் கழற்ற விரலால் தொட வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கிற இன்னொரு அமுக்கியைக் கட்டைவிரலால் தட்டினால் 'டக்' என்று தொட்டிக்குள் விழுந்துவிடும். மஞ்சள் டிப் 200 மைக்ரோலீற்றர் வரை, நீல டிப் 1000 வரை. ஒரு மைக்ரோலீற்றர் என்பது ஒரு மில்லிலீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த அளவு தண்ணீரின் எடை ஒரு மில்லிகிராம்.

இந்த 'டக்'கை ஒரு நாளைக்கு முந்நூறு தடவை என்று குறைத்து வைத்தாலும், முப்பது வருடத்துக்கு எத்தனை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். நான் எம்.எல்.டி.யாக, அதாவது மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளனாக, கண்டியிலும் அதைச் சுற்றியும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வேலை செய்து 2021இல் ஓய்வு பெற்றவன்.

கலஹா எங்கே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வழி இது: பேராதனையில் கலஹா சந்தியில் இறங்குங்கள், பல்கலைக்கழகத்துக்கு நடுவே போகிற வீதியைப் பிடியுங்கள், ஹிந்தகலையைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டே இருங்கள். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் கலஹா வீதி தெரியும். அந்த வீதி எங்கே போய் முடிகிறதென்று பார்க்க வந்தவர்கள் குறைவு. கலஹாவையும் தெல்தோட்டையையும் தாண்டினால் லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்த தோட்டம் அது.

எங்கள் வீடு அந்தப் பக்கத்து லயமொன்றில் ஒரு காம்பரா. உயர்தரத்தில் இரசாயனம் படித்தபோது எங்கள் தமிழ்ப் புத்தகத்தில் பியூரெட்டுக்கு அளவி என்றும் பிப்பெட்டுக்குக் குழாயி என்றும் இருந்தது. இரண்டும் நல்ல சொற்கள். ஆனால் அரசாங்க ஆய்வுகூடத்துக்குள் நுழைந்த நாளோடு குழாயி என்னை விட்டுப் போய்விட்டது. அங்கே சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோருக்கும் பொது மொழி பிப்பெட்தான். அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்க முடிந்ததே அப்பாவின் தகரப் பெட்டிக்குள் பிரஜாவுரிமைப் பத்திரம் இருந்ததால்தான். அந்தப் பத்திரம் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் என்னைவிடக் கெட்டிக்காரர்களாக இருந்தும் விண்ணப்பப் படிவத்தையே தொடவில்லை. அது வேறு கதை, தனியாக எழுத வேண்டியது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் வேலை பழகியபோது எல்லாவற்றையும் வாயால்தான் உறிஞ்சினோம். சாலி பிப்பெட் என்று ஒன்று உண்டு. முடி போன்ற துவாரம், இருபது மைக்ரோலீற்றரில் ஒரு கோடு. மறுமுனையில் இறப்பர்க் குழாய், அதன் நுனியில் வாயில் கவ்வ ஒரு சிறிய துண்டு. நோயாளியின் விரலில் குத்தி, வருகிற துளியைக் கோடு வரை உறிஞ்சி, வெளிப்பக்கத்தைப் பஞ்சால் துடைத்து, ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்துக்குள் ஊதிவிட வேண்டும். பத்து நிமிடம் கழித்துத் துளித்துளியாகத் தண்ணீர் விட்டு, பக்கத்துக் கண்ணாடியின் பழுப்பு நிறத்தோடு ஒத்துவந்ததும் ஹீமோகுளோபினை வாசிக்கலாம். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அந்தக் குழாய் ஆறிலும் ஏழிலும் நின்றதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வெள்ளணு எண்ணவும் வாயால் உறிஞ்சினோம், சிவப்பணு எண்ணவும் அப்படியே. வெள்ளணுப் பிப்பெட்டின் குமிழுக்குள் வெள்ளை மணி, சிவப்பணுப் பிப்பெட்டுக்குள் சிவப்பு மணி. கெட்டிக்கார எம்.எல்.டி. என்றால் நாக்கு நுனியால் கோட்டில் நிறுத்தத் தெரிந்தவர் என்று அர்த்தம்.

எனக்கு ஒரு தடவை நாக்கு பிழைத்தது. துளிக்குள் ஒரு காற்றுக் குமிழி இருந்திருக்கிறது. உறிஞ்சியதும் குருதி கோட்டையும் குழாயையும் தாண்டி நேரே வாய்க்குள் வந்துவிட்டது. உப்பும் இரும்புமாக ஒரு சுவை. பொறுப்பாக இருந்த பெரியவர் பதறவில்லை. "துப்பு, கொப்புளி, அடுத்த ஆளைக் கூப்பிடு" என்றார். அவருக்கு அது எத்தனையாவது தடவையோ. அந்த நோயாளிக்கு மஞ்சள் காமாலை இருந்ததா என்று சீட்டில் தேடினேன். 'காய்ச்சல்' என்று மட்டும் எழுதியிருந்தது. மூன்று மாதம் தினமும் காலையில் கண்ணாடியில் கண்ணின் வெள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். அம்மாவிடம் சொல்லவே இல்லை.

வாயால் உறிஞ்சுவது ஆபத்து என்பது அப்போது புதிய செய்தியல்ல. 1893இலேயே பிரான்சில் ஒரு மருத்துவர் தைபொயிட்டுக் கிருமி வளர்ப்பைத் தவறி உறிஞ்சியது பதிவில் இருக்கிறது. அதற்குப் பிறகும் உலகம் தொண்ணூறு வருடம் உறிஞ்சிக்கொண்டேதான் இருந்தது. பழக்கம் கையில் இருந்தால் விடலாம், வாயில் இருந்தால் கஷ்டம்.

மாற்றுவழி கண்டவர் ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹைன்ரிக் ஷ்னிட்கர். 1957இல் சிறு சிறு அளவுகளை நாள் முழுக்க வாயால் உறிஞ்சும் வேலை அவர் தலையில் விழுந்தது. மனுஷருக்குச் சலித்துப்போய்விட்டது. சில நாள் ஆளைக் காணவில்லை, திரும்பி வந்தபோது கையில் ஒரு கருவி. முசலம், சுருள்வில், நடுவே ஒரு காற்று மெத்தை, அடியில் கழற்றக்கூடிய பிளாஸ்டிக் மூக்கு. கடைசிச் சொட்டை ஊதித் தள்ள இரண்டாவது வில்லையும் அவரே வைத்துவிட்டார். இன்றைக்கும் நாம் முதல் நிறுத்தம், இரண்டாம் நிறுத்தம் என்று விரலால் உணர்வது அதைத்தான். ஹம்பர்க்கில் இருந்த எப்பென்டோர்ஃப் கம்பனி 1961இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஷ்னிட்கர் 1964இல் ஏரியொன்றில் நீந்தப் போய் மூழ்கி இறந்துபோனார். உலகத்து ஆய்வுகூடங்கள் முழுக்கத் தன் கருவி பரவியதை அவர் பார்க்கவில்லை. எழுபதுகளில் பின்லாந்தில் ஒஸ்மோ சுவோவனியெமியும் அமெரிக்காவில் வாரன் கில்சனும் அளவை மாற்றிக்கொள்ளக்கூடிய பிப்பெட்டுகளைக் கொண்டுவந்தார்கள்.

எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்த முதல் கருவி அளவு மாற்ற முடியாத பழைய வகை. ஒரேயொரு பிப்பெட். பெரியவர் அதை அலுமாரியில் பூட்டிவைத்து, சாவியை அரைஞாணில் கட்டாத குறையாகக் காத்தார். அதில் டிப்பைத் தள்ளிவிடும் அமைப்பு இல்லை. உறிஞ்சி, விட்டு, பிறகு இரண்டு விரலால் டிப்பைப் பிடித்துத் திருகி இழுக்க வேண்டும். கையுறை அந்தக் காலத்தில் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத்தான். ஆகவே வாய் தப்பியது, விரல் மாட்டியது. காலையில் நூறு டிப் இழுத்த பிறகு பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் சீரம் காய்ந்து பிசுபிசுக்கும். அதே கையால் பேனாவைப் பிடித்துப் பதிவேட்டில் எழுதுவோம். அதே பேனாவை யோசனையில் கடிப்போம். 1987இல் இலங்கையர் ஒருவருக்கு முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது என்ற செய்தி வந்த பிறகுதான் பேனா கடிப்பது நின்றது.

தள்ளியோடு கூடிய பிப்பெட் வந்தது தொண்ணூறை ஒட்டி. அமைப்பு மிக எளிது. பிப்பெட்டின் தண்டுக்கு மேல் ஒரு உறை. அமுக்கினால் உறை கீழே வழுக்கி வந்து டிப்பின் கழுத்தை நெட்டும். டிப் வெறும் உராய்வில் கவ்விக்கொண்டிருப்பதுதானே, கழன்று விழும். அவ்வளவுதான். ஆனால் இந்த அவ்வளவுக்குள்ளும் தர பேதம் உண்டு. சில வகைகளில் தள்ளுவதற்குத் தனி அமுக்கி. வேறு சில வகைகளில் அதே அமுக்கிதான். முதல் நிறுத்தம் அளவு, இரண்டாவது ஊதல், இன்னும் அழுத்தினால் டிப் போய்விடும். ஒரு விரல், ஒரு அமுக்கி, மூன்று வேலை என்று விற்க வந்தவர் புகழ்ந்தார். முதல் கிழமையே நான் கடைசிச் சொட்டை ஊதப்போய், டிப்பை நோயாளியின் சீரக் குழாய்க்குள்ளேயே தள்ளிவிட்டேன். அன்றைக்கு முடிவு செய்தேன்: விடுவதற்கும் வீசுவதற்கும் வெவ்வேறு அமுக்கி இருக்க வேண்டும். இதில் எனக்கு இன்றும் விட்டுக்கொடுப்பு இல்லை.

புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் செய்கிற பிழை ஒன்றுண்டு. டிப் சரியாக மாட்டவில்லையோ என்ற பயத்தில் பிப்பெட்டைத் தட்டுக்குள் விட்டு உரலில் உலக்கை மாதிரிக் குத்துவார்கள். குத்தக் குத்த டிப் இறுகும். இறுகிய டிப்பைத் தள்ளக் கட்டைவிரல் இரண்டு மடங்கு அழுத்த வேண்டும். இலேசாக அழுத்தி ஒரு சின்ன அசைவு கொடுத்தால் போதும். அதைவிட மோசமானது விலை குறைந்த, அளவு பொருந்தாத டிப். தளர்வாக இருந்தால் ஒழுகும், இறுக்கமாக இருந்தால் வராது. வராவிட்டால் மனுஷன் என்ன செய்வான்? விரலால் பிடித்து இழுப்பான். தள்ளியுள்ள பிப்பெட் வாங்கியும் பழைய இடத்துக்கே வந்துவிட்டோம்.

அம்மா ஒரு நாள் என்னைப் பார்க்க வந்து ஆய்வுகூடக் கதவோரம் நின்றார். நான் பார்க்காமலே டிப்பைப் பக்கத்துத் தொட்டிக்குள் தட்டிக்கொண்டிருந்தேன். "நாங்க கொழுந்த முதுகுக்குப் பின்னால கூடையில போடுறாப்ல போடுறியே" என்றார். சரியான அவதானம். தலைக்கயிற்றில் தொங்குகிற கூடைக்குள் ஒரு பிடி கொழுந்தைத் திரும்பிப் பார்க்காமல் வீசுவது சும்மா வந்துவிடாது. ஒரு வித்தியாசம்: அவருடைய கூடையைச் சாயந்தரம் அவரே கொண்டுபோய் நிறுத்துக் கொடுப்பார். என் தொட்டியை யார் எடுத்துப் போகிறார்கள் என்று நான் பல வருடம் நினைத்துப் பார்த்ததே இல்லை.

எடுத்துப் போனது ஒரு அக்கா. சிற்றூழியர். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான், ஆளில்லாத நேரத்தில் என்னைத் "தம்பி" என்பார், ஆள் இருந்தால் "சேர்". ஒருமுறை பாவித்து வீசுவதற்கென்று செய்த டிப்பை எங்கள் ஆஸ்பத்திரியில் வீசவில்லை. வெளிநாட்டுச் சாமான், வருடத்துக்கு இத்தனை பொதி என்று கணக்கு. ஆகவே தொட்டிக்குள் ஹைப்போகுளோரைட் கரைசல், அதற்குள் டிப்புகள். மறுநாள் காலை அக்கா ஒவ்வொன்றாக எடுத்து, சிரிஞ்சால் உள்ளே தண்ணீர் பாய்ச்சி, வெயிலில் காயவைத்து, தொண்ணூற்றாறு துளை உள்ள தட்டில் ஒவ்வொன்றாகச் செருகி என் மேசையில் வைப்பார். நான் கை படாமல் எடுப்பேன், கை படாமல் வீசுவேன். இரண்டுக்கும் நடுவில் அவருடைய பத்து விரலும் எல்லாவற்றிலும் பட்டிருக்கும்.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது மனசாட்சி அல்ல. இளஞ்சிவப்பு நிறம்.

சீனிப் பரிசோதனையில் பத்து மைக்ரோலீற்றர் சீரத்தை ஒரு மில்லிலீற்றர் இரசாயனத்தில் கலந்தால் சீனியின் அளவுக்கு ஏற்றபடி இளஞ்சிவப்பு வரும். சீரமே விடாத வெற்றுக் குழாயொன்றையும் பக்கத்தில் வைப்போம், அது நிறமற்று இருக்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை அந்த வெற்றுக் குழாயும் சிவந்தது. இரசாயனம் பழுதென்று நினைத்து வேறு போத்தலைத் திறந்தேன். ஒரு தடவை சிவந்தது, ஒரு தடவை சிவக்கவில்லை. பகல் வரை எல்லா ரிப்போர்ட்டையும் நிறுத்திவைத்தேன். வாட்டிலிருந்து மிஸ்மார் கோபமாக ஆள் அனுப்பினார்கள். கடைசியில் புதிய பொதியொன்றை உடைத்து டிப் எடுத்தபோதுதான் விளங்கியது. கழுவிய டிப் சிலவற்றில் ஹைப்போகுளோரைட் ஒட்டியிருக்கிறது. சீனியிலிருந்து பிறக்கும் ஐதரசன் பேரொட்சைட்டு செய்ய வேண்டிய ஒட்சியேற்றத்தை அது தானே செய்துவிடுகிறது. அக்காவை ஏசப் போனேன். "சனிக்கிழமை தண்ணி வரல தம்பி. வாளியில இருந்ததுலதான் அலசினேன்" என்றார். ஏசுவதற்கு என்ன இருக்கிறது? அதற்கு முந்தைய கிழமைகளில் எத்தனை பேருக்கு இல்லாத சீனியை எழுதிக்கொடுத்தேனோ என்ற பயம்தான் மிஞ்சியது.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, தொட்டிக்குள் யாரோ போட்டிருந்த குருதி குத்தும் ஊசியொன்று அக்காவின் விரலில் ஏறியது. யாரோ என்று எழுதுகிறேன். அன்று காலை அந்த மேசையில் நானும் இருந்தேன். கையைப் பிழிந்து கழுவவைத்து, அவருடைய குருதியை நானே எடுத்துச் சோதித்தேன். மறுபடி மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும். ஒன்றுமில்லை. ஆறாவது மாத ரிப்போர்ட்டை அவரிடம் சொன்னபோது, "சரி தம்பி" என்றுவிட்டுத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அவருக்கு வேறு என்ன சொல்ல இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கண்ணாடி முன்னால் நின்ற மூன்று மாதம் எனக்கும் இருந்ததே.

அதற்குப் பிறகு கழுவிய டிப்பை நான் தொடவில்லை. கடிதம் எழுதினேன், திருப்பி அனுப்பினார்கள். சிவந்த வெற்றுக் குழாயின் வாசிப்புகளை இணைத்து மறுபடி எழுதினேன். அக்காவின் விரலை எழுதியிருந்த முதல் கடிதத்துக்கு அசையாதவர்கள், பிழையான ரிப்போர்ட் என்ற சொல்லுக்கு அசைந்தார்கள். டிப் கழுவுவது நின்றது. கரைசலோடு தொட்டியை மூடி, மஞ்சள் பையில் கட்டி அனுப்பும் வழக்கம் வந்தது.

மற்றதையெல்லாம் சுருக்கமாகச் சொல்லலாம். டெங்கு பெருகி, தொண்ணூற்றாறு குழித் தட்டில் எலைசா செய்யும் வேலை கூடியபோது எட்டு டிப் ஒன்றாக மாட்டும் பிப்பெட் கைக்கு வந்தது. எட்டையும் ஒரே கணத்தில் தள்ளக் கட்டைவிரலால் முடியாது. ஆகவே தள்ளியின் விளிம்பைப் படிபோல வெட்டியிருப்பார்கள். இரண்டிரண்டாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கழலும். 'டக்' அல்ல, 'டரக்' என்று கேட்கும். அதை யோசித்தவரின் கட்டைவிரலும் வலித்திருக்க வேண்டும். இயந்திரங்களில் விரலே இல்லை. டிப்பைத் தூக்கிப் போகிற கை ஒரு பிளவுள்ள தகட்டுக்கு அடியில் வந்து மேலே எழும்பும், தகடு டிப்பைப் பிடித்துக்கொள்ளும், கை மட்டும் போய்விடும். முதல் தடவை பார்த்தபோது பத்து நிமிடம் வேலையை விட்டுவிட்டு நின்றேன். கோவிட் காலத்தில் உள்ளே வடிகட்டி வைத்த டிப்புக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. ஆவித்துளி கருவிக்குள் ஏறாமல் தடுப்பது அந்த வடிகட்டி, பி.சி.ஆர். வேலையில் அது இல்லாமல் முடியாது. டிப் என்ற சொல்லை நிர்வாகத்தில் இருந்தவர்கள் அன்றைக்குத்தான் சரியாக உச்சரிக்கப் பழகினார்கள்.

நான் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் நாடு டொலர் இல்லாமல் நின்றது. 2022 மார்ச் கடைசியில் மருந்து இல்லையென்று பேராதனை போதனா வைத்தியசாலை வழக்கமான சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்த செய்தி வந்தது. அதே நாட்களில் என்னிடம் வேலை பழகிய பிள்ளை ஒருத்தி, வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து, கோல் எடுத்தாள். "சேர், திரும்பவும் கழுவுறோம். எத்தனை தரம் அலசினா ஹைப்போ போகும்?" என்று கேட்டாள். எண்ணிக்கை சொல்லவில்லை. வெற்றுக் குழாயை ஒவ்வொரு தட்டுக்கும் வை, அது சிவந்தால் அந்தத் தட்டையே வீசு, ஊசிக்கு வேறு பெட்டி வை, அலசுகிற ஆளுக்குத் தடித்த கையுறை கொடு என்றேன். கடைசியாக, அலசுகிற ஆள் யார் என்று கேட்டேன். "ஒரு அக்கா இருக்காங்க சேர்" என்றாள்.

டெண்டர் சபைகளில் உட்கார்ந்து ஆய்வுகூடச் சாமான் வாங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அழகான படப் புத்தகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். பிப்பெட்டையும் அதோடு நீங்கள் வாங்கப்போகிற அதே டிப் பொதியையும் மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஐம்பது டிப்பை நீங்களே மாட்டி, நீங்களே தட்டிப் பாருங்கள். கட்டைவிரல் நொந்தால் அது வேண்டாம். பிப்பெட்டின் விலைக்குப் பக்கத்தில் ஒரு வருட டிப்பின் விலையையும், மூடியுள்ள தொட்டியின் விலையையும் சேர்த்து எழுதுங்கள். தொட்டியைத் தூக்கப்போகிற சிற்றூழியரையும் அன்றைக்கு அறைக்குள் கூப்பிட்டு, ஒரு கதிரை போடுங்கள்.